நாலு சில்லும் ஒரு கயிறும்

எனக்கு நடந்த அநியாயங்களை வரிசைப்படுத்தச் சொன்னால், முதலில் வந்து நிற்பது ஒரு மஞ்சள் நிற நாலு சில்லு மோட்டார் சைக்கிள், நாலு சக்கரம் வைத்தது. அதற்குப் பின்னால் ஒரு கயிறு. கயிற்றின் மறுநுனியில் என் அப்பா.

சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம் அது. பாதைகள் திறந்திருந்தன. வெளிநாட்டுக்குப் போய்த் திரும்பிப் பார்க்காதவர்கள் எல்லோரும் பெட்டி பெட்டியாகச் சாமான்களோடு திருகோணமலைக்கு வந்து இறங்கினார்கள். அப்படித்தான் சுவிஸிலிருந்து சின்ன மாமாவும் வந்தார். அம்மாவின் தம்பி. நான் பிறப்பதற்கு முன்பே போனவர். வந்த அன்றே, கொழும்பில் ஒரு கடையில் வாங்கிய படப் புத்தகத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்து, "மருமக்களுக்கு இதில ஒண்டு வாங்கித் தாறன். எது வேணும் எண்டு நீங்களே சொல்லுங்கோ" என்றார்.

எனக்கு எட்டு வயது. தம்பிக்கு ஐந்து. எங்களிடம் யாரும் அதுவரை எதையும் தெரிவு செய்யச் சொன்னதில்லை. வருடப்பிறப்புச் சட்டைத் துணியைக்கூட அம்மாதான் கிழித்துக்கொண்டு வருவார்.

புத்தகத்தில் நாலு வண்டிகள் இருந்தன. எல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கானவை, எல்லாவற்றுக்கும் உண்மையான எஞ்சின். நான் ஒரு நொடியில் தெரிவு செய்துவிட்டேன். சிவப்பு நிறம், பருத்த சில்லுகள், முன்பக்கம் ஏழாம் இலக்கம் எழுதிய தகடு. அது ரேஸ் வண்டி. சுவிஸில் ஆறு வயதுப் பிள்ளைகள் இப்படி வண்டியில் சேற்றுக்குள் ரேஸ் ஓடுகிறார்கள் என்று மாமா சொன்னார். ஆறு வயது! எனக்கு எட்டு. ஏற்கெனவே இரண்டு வருடம் பிந்திவிட்டேன்.

தம்பி பச்சைப் புள்ளி போட்ட வண்டியில் விரலை வைத்தான். "அது ஆமி உடுப்பு மாதிரிக் கிடக்கு, விரலை எடு!" என்று அம்மா அவன் கையில் தட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "பொம்பிளைப் பிள்ளைக்கு என்னத்துக்கு எஞ்சின்? ஒரு தையல் மெஷினை வாங்கிக் குடு" என்று மாமாவிடம் சொன்னார். அதற்கே எனக்கு மூக்கு விடைத்தது.

அப்பா துறைமுகக் கந்தோரில் கிளார்க். கந்தோரால் வந்து சேட்டைக் கழற்றாமலே கதிரையில் உட்கார்ந்து, நாலு படங்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எவ்வளவு வேகம் ஓடும் என்று கேட்கவில்லை. எந்த நாட்டுச் சாமான் என்றும் கேட்கவில்லை. நெடுநேரம் கழித்து மாமாவிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"தம்பி, ஓட்டுற ஆளுக்கு ஒண்டும் கேக்காட்டியும், வெளியில நிக்கிற ஆள் இதை நிப்பாட்ட ஏலுமோ?"

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். "என்ன அத்தான், எல்லாரும் ஓட வாங்குறவை. நீங்கள் நிப்பாட்ட வாங்குறீங்கள்!"

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அப்பாவும் கொஞ்சம் சிரித்தார். ஆனால் கேள்வியை விடவில்லை. கடைசியில் மாமா மஞ்சள் வண்டியைக் காட்டினார். நாலிலும் அதுதான் சின்னது, அதுதான் மெதுவானது. பின்னால் ஒரு கயிறு கொளுவியிருக்கும். பெரியவர் ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் வரலாம். இழுத்தால் ஒரு முளை கழன்று எஞ்சின் அப்படியே நின்றுவிடும்.

"இதுதான்" என்றார் அப்பா.

இதுதானாம்! பிறகு என்ன கூந்தலுக்கு எங்களைத் தெரிவு செய்யச் சொன்னார்கள்? சோற்றைத் தட்டில் போட்டுக் காட்டிவிட்டுப் பறிக்கிற வேலை இது. நான் அன்று இரவு சாப்பிடவில்லை. அம்மா சுவரில் மாலை போட்டு மாட்டியிருந்த சித்தப்பாவின் படத்தைக் காட்டி, "வேகம் வேகம் எண்டு நிண்டா என்ன நடக்கும் எண்டு தெரியும்தானே" என்றார். அப்பாவின் தம்பி அவர். நான் கைக்குழந்தையாக இருந்தபோது மோட்டார் சைக்கிள் விபத்தில் செத்துப்போனார். எங்கள் வீட்டில் அதற்கு மேல் யாரும் அதைப்பற்றிக் கதைப்பதில்லை. சித்தப்பா விழுந்தால் நான் ஏன் கயிற்றில் ஓட வேண்டும்? இந்த நியாயத்தை நான் அம்மாவிடம் கேட்டேன். வாயைப் பொத்தச் சொன்னார்.

வண்டி வந்தது. அப்பா செய்த முதல் வேலை, கைபிடிக்குக் கீழே இருந்த திருகாணியை இறுக்கி, இருந்த கொஞ்ச வேகத்தையும் பாதியாக்கியது. இரண்டாவது வேலை, கயிற்றைத் தன் மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டது.

எங்கள் வீடு இருந்த குறுகிய ஒழுங்கை முடிந்து றோட்டில் திரும்புகிற முடக்கில் மண்மூட்டை அடுக்கிய ஓர் இராணுவக் காவலரண். அதைத் தாண்டினால் கடற்கரையோரம் ஒரு வெறுந்தரை. அங்கேதான் ஊர்ப் பிள்ளைகள் விளையாடுவார்கள். ஒவ்வொரு பின்னேரமும் நான் ஒழுங்கையில் வண்டியை எடுப்பேன். அப்பா பின்னால் ஓடி வருவார். முடக்குக்கு முன்னால் இருந்த விளக்குக் கம்பத்தடியில் வண்டி சரியாக வேகம் பிடிக்கும். அந்த இடத்தில், ஒருநாள் பிசகாமல், கயிறு இழுபடும். எஞ்சின் செத்துப்போகும்.

"இறங்கு பிள்ளை. உருட்டுவம்."

உருட்டுவோம். காவலரணில் சைக்கிள்காரர்கள் எல்லோரும் இறங்கி உருட்டிக்கொண்டுதான் போவார்கள். அது எனக்கும் தெரியும். ஆனால் அது சண்டைக்காலத்துப் பழக்கம். இப்போது ஒருவரும் இறங்கச் சொல்வதில்லை. சனம் காலூன்றாமலே தலையாட்டிவிட்டுப் போகத் தொடங்கியிருந்தது. என் அப்பா மட்டும் இறக்கி உருட்டினார். அதுவும் நாலு சில்லை! அங்கே நின்ற ஆமிக்காரப் பெடியன் ஒருநாள் சிரித்துக்கொண்டே, ஏறிப் போகட்டும் என்று கையைக் காட்டினான். அப்பா சிங்களத்தில் "பரவாயில்லை சேர்" என்றார். ஆமிக்காரனே விட்டாலும் அப்பா விடமாட்டார். இதை நான் யாரிடம் போய் முறையிடுவது?

வெறுந்தரையில் பெடியன்கள் என்னைக் கண்டால், "கண்டுக்குட்டி வந்திட்டுது, கண்டுக்குட்டி!" என்று கத்துவார்கள். கயிற்றில் கட்டி மேய்க்கிற கன்று. எனக்குக் கண்ணெல்லாம் எரியும். ஒரேயொரு தடவை, கயிறு இல்லாமல், அவர்களுக்கு முன்னால் முழு வேகத்தில் ஒரு சுற்று வரவேண்டும். பிள்ளையார் கோயிலில் அந்த நாட்களில் நான் கும்பிட்டதெல்லாம் அதற்காகத்தான். படிப்புக்காக ஒன்றும் கேட்கவில்லை.

பிள்ளையார் மாமா உருவத்தில் வந்தார். மாமா திரும்பிப் போக இரண்டு நாள் இருக்கையில் அப்பாவுக்குக் காய்ச்சல். முன்னறையில் போர்த்துக்கொண்டு படுத்திருந்தார். அம்மா குசினியில் கொத்தமல்லி அவித்துக்கொண்டிருந்தார். மாமா என்னைக் கூப்பிட்டு, "வா, இண்டைக்கு நான் பிடிக்கிறன்" என்றார். ஒழுங்கையில் இறங்கியதும் குனிந்து அந்த வேக ஆணியைத் தளர்த்தினார். பிறகு கயிற்றைத் தூக்கிப் பார்த்து, "இதென்ன விசர் வேலை. கயிறு பிடிச்சு ஓடுறதுக்கோ நான் காசு குடுத்து வாங்கித் தந்தனான்?" என்று சொல்லி, அதைச் சுருட்டி இருக்கைக்குப் பின்னால் செருகிவிட்டார். "ஓடு!" என்றார்.

ஓடினேன். அப்படி ஒரு சத்தத்தை அந்த வண்டி அதற்கு முன் போட்டதே இல்லை. விளக்குக் கம்பம் வந்தது. என் முதுகு தானாகவே இழுவைக்குத் தயாரானது. இழுபடவில்லை. கம்பம் பின்னால் போய்விட்டது. சந்தோஷத்தில் நான் கத்திய சத்தம் எனக்கே கேட்கவில்லை.

முடக்கில் திரும்பினேன். வழமையான பெடியன் அங்கே இல்லை. புதியவன் ஒருவன் நின்றான். அவன் வாய் அசைந்ததைக் கண்டேன். துவக்கின் குழல் என்னை நோக்கி எழும்பியதைக் கண்டேன். நிறுத்தவேண்டும் என்று தெரிந்தது. ஆனால் நான் ஒருநாளும் அந்த வண்டியை நிறுத்தியதில்லையே. எப்போதும் அப்பாதான் நிறுத்துவார். பிரேக் எந்தக் கையில் என்று யோசித்து முடிப்பதற்குள் வண்டி மண்மூட்டையில் போய் முட்டி, இருமி, நின்றது.

"பபா! பபா! சேர், பபா!"

சிங்களத்தில் குழந்தை, குழந்தை என்று கதறியது அப்பாவின் குரல். திரும்பிப் பார்த்தேன். காய்ச்சலில் கிடந்த மனிதர் சாரத்தோடு, மேலில் துணி இல்லாமல், வெறுங்காலோடு ஓடி வந்தார். இரண்டு கைகளும் தலைக்கு மேலே. வந்த வேகத்தில் எனக்கும் துவக்குக்கும் நடுவில் முழங்காலில் விழுந்தார். றோட்டில் நின்ற சனம் அத்தனையும் பார்த்தது. வெறுந்தரையில் நின்ற பெடியன்களும் பார்த்தார்கள். சேட் போடாமல் வாசலுக்குக்கூட வராத அப்பா.

ஆமிக்காரன் துவக்கை இறக்கினான். சிங்களத்தில் ஏதோ கத்தினான். அப்பா அவனிடம் ஓம் சேர், ஓம் சேர் என்றபடி என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் வண்டியை உருட்டினார். எட்டு வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்தால் எவ்வளவு வெட்கம் என்று அவருக்குத் தெரியவில்லை.

வீட்டுக்குள் வந்ததும் கன்னத்தில் ஓர் அறை விட்டார். அதுதான் முதல் அறை, அதுதான் கடைசியும். மாமாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆணியைத் தளர்த்தியவர் மாமா. கயிற்றைச் சுருட்டியவர் மாமா. அடி எனக்கு! நல்ல நீதி. அம்மாதான் மாமாவைப் பிடித்துக்கொண்டார்: "தும்பை விட்டிட்டு வாலைப் பிடிக்க ஓடுறியோ? உனக்கு அறிவிருக்கோடா?"

"அக்கா, அது விளையாட்டு வண்டி. விழுந்தாலும் ஒரு சிராய்ப்புத்தான்" என்றார் மாமா. அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை.

அடுத்த நாள் அம்மா மாமாவைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய் நெடுநேரம் கதைத்தார். மாமா முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார். அப்பாவின் கட்டிலடியில் நிலத்தில் உட்கார்ந்தார். அந்தக் கிழமையே கந்தளாயிலிருந்து ஒருவர் லொறியோடு வந்து வண்டியை ஏற்றிக்கொண்டு போனார். கயிற்றை மட்டும் அப்பா கழற்றி வைத்துக்கொண்டு, சித்தப்பாவின் படத்துக்குக் கீழே இருந்த ஆணியில் மாட்டிவிட்டார். என்னைச் சீண்டுவதற்கென்றே மாட்டியிருக்கிறார் என்று நினைத்தேன். போகும்போதும் வரும்போதும் அதை முறைத்துப் பார்த்தேன். வருடக்கணக்காக முறைத்தேன்.

நான் கம்பஸுக்குப் போக உடுப்பு அடுக்கிக்கொண்டிருந்த அன்று, கயிறு இன்னும் அங்கேதான் தொங்கியது. "இந்தச் சனியனை இன்னும் எறியேல்லையோ?" என்று அம்மாவிடம் எரிந்து விழுந்தேன். அப்பா வீட்டில் இல்லை. அம்மா கட்டிலில் உட்கார்ந்தார்.

"சித்தப்பா வேகமா ஓடேல்லையடி" என்றார். "மெள்ளத்தான் வந்தவர். அந்த முடக்கிலதான். ஆமிக்காரன் நில் எண்டு கத்தினது எஞ்சின் சத்தத்தில அவருக்குக் கேக்கேல்ல. அப்பா ஒழுங்கை வாசல்ல நிண்டு பாத்துக்கொண்டிருந்தவர்."

"விபத்து எண்டுதானே சொன்னனீங்கள்?"

"விபத்து எண்டு எழுதித்தான் உடம்பைத் தந்தவங்கள். ரெலிபோனில மாமாவுக்கும் அப்பிடித்தான் சொன்னது. வேற என்னத்தைச் சொல்லுறது?"

அப்பாவின் தம்பியைச் சுட்டுவிட்டு விபத்து என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதே முடக்கால் அப்பா தினமும் சேட் போட்டுக்கொண்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு, தலையாட்டிக்கொண்டு கந்தோருக்குப் போய் வந்திருக்கிறார். நான் அத்தனை வருடமும் கோபித்தது அந்த மனிதரோடு.

சாப்பாட்டு மேசையில் அந்தப் படப் புத்தகம் விரிந்து கிடந்த பின்னேரம்தான் எனக்கு ஞாபகம் வந்தது. ஓட்டுற ஆளுக்கு ஒண்டும் கேக்காட்டியும், வெளியில நிக்கிற ஆள் இதை நிப்பாட்ட ஏலுமோ? அப்பா அதைக் கேட்டபோது எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான்தான்.