மோட்டார் அப்பாதுரை இறங்கிய கிணறு

என் வீட்டுக்காரரைப் பற்றி யாரைக் கேட்டாலும் தங்கமான மனுஷன் என்பார்கள். அந்தத் தங்கத்தைக் கட்டிக்கொண்டு அழுதவள் நான்தான். திருவண்ணாமலையில் போளூர் ரோட்டோரம் தகரக் கொட்டகை போட்டு, பம்புசெட் மோட்டாரும் ஆயில் இன்ஜினும் ரிப்பேர் பார்த்தார். மோட்டார் அப்பாதுரை என்றால் கீழ்பென்னாத்தூர் வரைக்கும் தெரியும். வேலையில் கெட்டி, வாயில்லாப் பூச்சி. அதோடு நின்றிருந்தால் நான் ஏன் வாயாடி ஆகப்போகிறேன்?

அந்த வருஷங்களில் மழை கம்மி. கிணற்றில் தண்ணீர் கீழே போகப் போக, இன்ஜினையும் கிணற்றுக்குள்ளேயே இறக்கி, பாதி ஆழத்தில் மேடை கட்டி உட்கார வைப்பார்கள். அது விடுகிற புகை வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கிவிடும். டீசல் ஊற்ற இறங்குகிறவன் மயங்கி விழுவான். அவனைத் தூக்க அண்ணன் இறங்குவான், அவனும் விழுவான். அப்புறம் அப்பன். அப்படி ஆள் விழுந்தால் மெக்கானிக்கைத்தான் தேடி வருவார்கள். இவரும் சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் ஓடுவார்.

எண்பத்தொன்பதில், கல்யாணமான மூன்றாம் மாதமே ஒரு பெரியவரை உயிரோடு தூக்கிக்கொண்டு வந்தார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். அடுத்த வருஷம் ஓர் ஆட்டுக்காக இறங்கித் தோள்பட்டை எலும்பை உடைத்துக்கொண்டார். ஆட்டுக்கு!

"அது கத்துச்சு தனம்" என்றார்.

"நானுந்தான் தெனம் கத்துறேன், ஒரு நாளாச்சும் திரும்பிப் பார்த்தியாய்யா?" என்று கேட்டேன். சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தொண்ணூற்றிரண்டில் வேறொரு கிணற்றிலிருந்து இவரையே தூக்கி வந்து ஆஸ்பத்திரியில் போட்டார்கள். இரண்டு நாள் நினைவு சரியாக இல்லை. ஒன்றரை வயது மணிமொழியை, பெற்ற மகளை, "யாரு பாப்பா இது?" என்று என்னிடமே கேட்டார். என் ஈரக்குலையே நடுங்கிப்போனது. எழுந்து நடமாடியதும் இரட்டைப் பிள்ளையார் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனேன். கற்பூரம் ஏற்றி, குழந்தை தலையில் கைவைக்கச் சொல்லி, இனிமேல் ஆளைத் தூக்க எந்தக் கிணற்றிலும் இறங்க மாட்டேன் என்று சத்தியம் வாங்கினேன். பிள்ளை தலையில் வைத்த சத்தியத்தை மீறினால் பிள்ளைக்கு ஆகாது. தெரிந்துதான் வாங்கினேன். ராட்சசி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருஷம் நிம்மதியாகத் தூங்கினேன்.

தொண்ணூற்று நாலு, சித்திரை மாதம். கீழ்பென்னாத்தூர் பக்கம் என் மாமன் வீட்டில் காதுகுத்து. பந்தியில் இலை போட்டுத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தோம். ஓர் ஆள் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"மோட்டார்காரரு இங்க வந்துகிறாராமே? பச்சையம்மா புள்ள வல்லரசு, இன்ஜினுக்கு டீசல் ஊத்த இறங்கினான். மேல வரல."

இவர் எழுந்துவிட்டார். சத்தியம் பண்ணியிருந்தாலும் இந்த மனுஷனை நம்ப முடியாதென்று, மணிமொழியை மாமியிடம் விட்டுவிட்டு நானும் பின்னாலேயே ஓடினேன்.

அறுபதடிக் கிணறு. எட்டிப் பார்த்தால் இன்ஜின் மேடைமேல் பையன் கவிழ்ந்து கிடக்கிறான். பத்தொன்பது வயது. அவன் அப்பா வேணு குதிக்கப் போக, இவர் பாய்ந்து பிடித்து, "இவர மரத்துல கட்டுங்க! இன்னொருத்தர் இறங்கினா இன்னொரு பொணம்" என்று கத்தினார். அவ்வளவு சத்தமாக இவர் பேசி நான் கேட்டதில்லை. துண்டால் கட்டினார்கள். வேணு இவரைக் கேட்காத கேள்வி இல்லை.

வேப்பங்கிளை வெட்டச் சொல்லி, கயிற்றில் கட்டி உள்ளே விட்டு மேலும் கீழும் ஆட்டினார். அடைந்து கிடக்கிற கெட்ட காற்று கலைய அதுதான் வழி. பார்க்கிறவர்களுக்கு அது எப்படிப் புரியும்? "உள்ள உயிர் போவுது, இவரு தழைய ஆட்டினு நிக்கிறாரு" என்று ஒருவர் காதுபடவே சொன்னார். தீயணைப்பு வண்டிக்குப் போன் பண்ண ஆள் போயிருந்தது. வந்து சேர ஒரு மணி நேரமாவது ஆகும்.

கொஞ்ச நேரம் ஆட்டிவிட்டு, கிளையை வெளியே எடுத்துப் போட்டார். "இப்ப யாராச்சும் ஒருத்தர் இறங்கலாம். எப்படின்னு நான் சொல்றேன்" என்றார்.

ஒருவரும் அசையவில்லை. "மெக்கானிக்கு நீதானே? நீ இறங்கேன்யா. உயிர் மேல அவ்ளோ ஆசையா?" என்று கேட்டார்கள். இவர் தலையைக் குனிந்துகொண்டார். சத்தியத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் பக்கம்கூடத் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் முறைத்திருப்பேன்.

பச்சையம்மாள் கிணற்று மேட்டில் குந்தியிருந்தாள். அழவில்லை. "டேய் வல்லரசு, எழுந்துக்கடா. நேரமாச்சு பாரு, எழுந்துக்கடா" என்று, காலையில் பாயில் தூங்குகிற பிள்ளையை எழுப்புகிற மாதிரி கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். என்னால் அதைத் தாங்க முடியவில்லை.

"இன்னாய்யா மரம் மாதிரி நிக்கிற?" என்று கத்தினேன். "சத்தியம் வாங்கினவ நான்தானே? நானே உட்டுட்டேன், போ. எது வந்தாலும் என் தலையில வுழட்டும், புள்ள மேல வரக்கூடாது."

சொல்லி முடித்ததும் மணிமொழியின் முகம்தான் கண்ணில் நின்றது. சொன்னதைத் திரும்ப வாங்கிவிடலாமா என்றுகூட நினைத்தேன். அதற்குள் அவர் சட்டையைக் கழற்றிவிட்டார்.

அவ்வளவு நீளத்துக்கு இருந்தது ஒரே ஒரு வடக்கயிறு, அதுவும் அங்கங்கே நைந்தது. அதை அக்குளுக்கடியில் கட்டிக்கொண்டார். "பையன என்னோட சேர்த்துக் கட்டிட்டு ரெண்டு தபா இழுப்பேன். உடனே மேல தூக்கிடுங்க" என்றார். ஏழெட்டு ஆண்கள் கயிற்றைப் பிடித்தார்கள். நானும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நடுவில் நின்று பிடித்தேன்.

கயிறு போய்க்கொண்டே இருந்தது. நின்றது. ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் இரண்டு தடவை சுண்டியது. இழுத்தோம்.

நாலு பிடி இழுத்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. கனம் கம்மி. இரண்டு ஆள் கனமில்லை அது. "அய்யோ, நிறுத்துங்க" என்று கத்தினேன். யார் காதிலும் விழவில்லை. மேலே வந்தது வல்லரசு மட்டும்தான். நைந்த கயிறு இரண்டு பேரைத் தாங்காது என்று, தன் உடம்பிலிருந்து அவிழ்த்துப் பையனுக்குக் கட்டி அனுப்பிவிட்டார் என் வீட்டுக்காரர்.

நான் கிணற்றை நோக்கி ஓடினேன். குதிக்கத்தான் ஓடினேன். இடுப்பை யாரோ இறுக்கிப் பிடித்துக் கீழே தள்ளி, மேலேயே விழுந்து அமுக்கினார்கள். பச்சையம்மாள். பெற்ற பிள்ளை பத்தடி தள்ளிக் கிடக்கிறான், மூச்சு இருக்கிறதா இல்லையா தெரியாது. அவனைப் பார்க்கப் போகாமல் என்னைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "உடமாட்டேன்டி, உன்ன உடமாட்டேன்" என்று அப்போதுதான் அழுதாள்.

கயிற்றைத் திரும்ப வீசினார்கள். அது அவர் பக்கத்தில் போய் விழுந்தது. அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், எடுக்கவில்லை. கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் ஒருநாளும் சொல்லாத பேரை, பச்சையம்மாள் பிடிக்குள் கிடந்தபடியே, தொண்டை கிழியக் கத்தினேன். "அப்பாதுரை! யோவ் அப்பாதுரை! கயித்தப் புடிய்யா!" எத்தனை தடவை கத்தினேனோ தெரியாது. கை மெல்ல அசைந்ததாம். கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டாராம். பார்த்தவர்கள் சொன்னது. எனக்குத் தெரிந்ததெல்லாம், ஆண்கள் மறுபடி இழுத்தார்கள், பச்சையம்மாள் பிடியைத் தளர்த்தினாள்.

மேலே கொண்டுவந்து போட்டார்கள். மணிக்கட்டில் தோல் உரிந்து ரத்தம். குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தார். கண்ணைத் திறந்து என்னையே பார்த்தார். யாரென்று கேட்டுவிடப் போகிறாரோ என்று என் உயிர் நின்றுபோனது.

"தனம், பையன் மூச்சு உடுறானா?"

அந்தப் பக்கம் வல்லரசு இருமுகிற சத்தம் கேட்டது. ஊர் மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்க, கட்டின புருஷனைக் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டேன். அறைந்த கையை எடுக்க முடியாமல், அந்தக் கன்னத்திலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.