நான் பார்க்க வேண்டிய பறவை

என் கணவரின் அண்ணன் மனைவிக்குப் பல்லியைக் கண்டாலே ஆகாது. சுவரில் ஒன்று ஊர்ந்தால் ஊர் கூடும்படி கத்துவார். அப்படிப்பட்டவர் போன வருடம் கலாபகோஸ் தீவுகளைக் கப்பலில் சுற்றி, கடலில் நீந்தும் உடும்புகளைப் பார்த்துவிட்டு வந்தார். எனக்கு வயிறு எரிந்தது. இன்றும் முழுதாக அணைந்தபாடில்லை.

அந்தத் தீவுகள் என்னுடையவை. நாமக்கல் பக்கம் தோட்டத்துக்குள் கோழிப்பண்ணை வைத்திருக்கிறோம். மதியம் முட்டை எடுத்து அடுக்கி முடித்ததும் நான் டிவியில் பார்ப்பது காட்டு விலங்குகளை மட்டும்தான். எரிமலை கக்கிய கரும்பாறையில் உடும்புகள் வெயில் காய்வதும், ஆண் பறவை தன் நீலக் கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டிப் பெட்டையின் முன்னால் ஆடுவதும் எனக்கு மனப்பாடம். அந்த நேரத்தில் அக்கா வந்தால் (அவரை அப்படித்தான் கூப்பிடுவேன்) இதென்ன கண்றாவி என்று சீரியலுக்கு மாற்றச் சொல்வார்.

ஒரே தோட்டத்தில் எங்கள் வீடு இந்தப் பக்கம், அவர் வீடு அந்தப் பக்கம். அமெரிக்காவில் இருக்கும் மகன் கூப்பிடுகிறான் என்ற செய்தியை என் சமையலறையில் நின்றுதான் சொன்னார்.

"கப்பல்ல தீவு பாக்கப் போலாங்கறான். நீயும் வாரியா கண்ணு?"

"எனக்கெதுக்குங்க்கா? ஷெட்டுல இப்பத்தான் குஞ்சு உட்டிருக்குது."

அதுவும் சரிதான் என்று காபியைக் குடித்துவிட்டு, தேங்காய் போடும் ஆள் வராததைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சாப்பிடக் கூப்பிட்டாலும் காரில் ஏறச் சொன்னாலும் முதல் தடவை வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டும். உடனே சரி என்றால் அலைகிறாள் என்பார்கள். கூப்பிடுகிறவர் மறுபடியும் கேட்க வேண்டும், கையைப் பிடித்து இழுக்க வேண்டும். ஒரு டம்ளர் மோருக்கே என்னை மூன்று தடவை வற்புறுத்துகிறவர், இதற்கு ஒரே ஒரு தடவை கேட்டார். வேண்டுமென்றேதான் நிறுத்திக்கொண்டார் என்று, அவர் ஊரில் இல்லாத நாளெல்லாம் குமுறிக்கொண்டிருந்தேன். தீவனம் போடும்போதும் அதே நினைப்புத்தான்.

திரும்பி வந்த மறுநாளே சாக்லேட் பையோடு வந்தார். வெளியே பறவைகளிடம் போய் வந்தவர்களை நாங்கள் சில நாள் ஷெட்டுக்குள் விடுவதில்லை, கோழிக்கு நோய் வந்துவிடும். உண்மையான விதிதான். அந்தச் சில நாளை நான் பதினைந்து நாளாக்கினேன். ஷெட்டுக்கு உள்ள விதியை வீட்டு வாசல் வரை நீட்டினேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அங்கேயும் ஒவ்வொரு தீவில் இறங்கும்போதும் செருப்பைக் கழுவித்தான் விட்டார்கள் என்று கம்பி வேலிக்கு வெளியே நின்று சிரித்தார். அதுவும் எனக்குத் தெரியும். டிவியில் பார்த்திருக்கிறேன்.

பதினாறாம் நாள் போட்டோ காட்ட வந்தார். நீலக்கால் பறவை அவர் செருப்புக்கு நாலடி தள்ளி நின்றது. அதன் பெயர்கூட அவருக்குத் தெரியவில்லை, வாத்து மாதிரி ஒன்று என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பொறாமையில் அழுவேன் என்று எனக்கே அதுவரை தெரியாது. அவர் பார்த்துவிட்டார்.

"அடுத்த வருசம் திமிங்கலம் பாக்கப் போலாங்கறான். நீயும் வாரியா கண்ணு?"

"வாரேனுங்க்கா," என்றேன், அவர் வாயை மூடுவதற்குள்.

அக்கா திகைத்துப்போனார். போனை மடியில் கவிழ்த்து வைத்தார். மகனிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார், பிறகு வெயிலைப் பற்றிப் பேசினார். போன தடவை கேட்டதும் வெறும் முறைக்குத்தான் என்று அப்போதுதான் புரிந்தது. நான் வேண்டாம் என்பேன் என்று நம்பித்தான் இரண்டு தடவையும் கேட்டிருக்கிறார்.

மறுவாரமே பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுத்தேன். வந்துவிட்டது. அவர் கண்ணில் படட்டும் என்று டிவிக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். மகன் என்ன சொன்னான் என்று அவர் இன்னும் சொல்லவில்லை. பாஸ்போர்ட்டைப் பார்க்காத மாதிரியே தினமும் காபியைக் குடிக்கிறார்.

நானும் அவர் வீட்டுக்குப் போகாமல் இல்லை. மோர் வேண்டுமா என்று அவர் கேட்டால், இப்போதெல்லாம் முதல் தடவையிலேயே வாங்கிக் குடித்துவிடுகிறேன்.