பெரம்பலூரில் பாதி, அரியலூரில் பாதி

போன வாரம் மருமகள் பொருட்காட்சியிலிருந்து ஒரு பித்தளைக் குழல் வாங்கி வந்தாள். சுவரில் மாட்டுவதற்காம். சோபாவுக்கு மேலே காலியாகக் கிடந்த இடம் அவளை ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருந்தது. "ஊதிப் பாக்கலாமா?" என்று கேட்டேன். "ஐயோ அத்தை, அது சும்மா அழகுக்கு" என்றாள். அவள் குளிக்கப் போனதும் எடுத்து மூக்கருகில் வைத்துப் பார்த்தேன். கடை வாசனைதான் வந்தது. புளி வாசனை இல்லை, தேங்காய் எண்ணெய் வாசனை இல்லை. இது என்ன குழல் என்று எனக்குக் கோபமே வந்துவிட்டது.

புளி போட்டுத் தேய்த்து, விரலால் அழுத்துகிற கட்டைகளுக்குத் தேங்காய் எண்ணெய் விட்ட குழலை நீங்கள் மோந்து பார்த்திருக்கிறீர்களா? எனக்குக் கல்யாணத்தின் வாசனை அதுதான். பெரம்பலூரில் எங்கள் தெருவில் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு வந்தால் முன்னால் தங்கராசு அண்ணனின் பேண்டு செட் வரும். அவர் கையில் வயிற்றோடு அணைத்து ஊதுகிற பெரிய குழல். "தொம் தொம் தொதொம்" என்று ஆரம்பிப்பார். கொஞ்சம் ஊதிவிட்டு, திடீரென்று நாலு தாளத்துக்குச் சும்மா நிற்பார். அந்த இடத்தில் கூட்டம் மொத்தமும் "ஓய்! ஓய்!" என்று கத்தும். மறுபடி தொம் தொம். நான் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்த ஓய்க்காகவே கடைசி வரை கூடப் போவேன். பாட்டு என்றால் இடையில் ஓய் என்று ஒன்று இருக்கும் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

அப்படிப்பட்ட எனக்கு அரியலூரில் பெண்கள் பள்ளியில் பாட்டு டீச்சர் வேலை கிடைத்தது. எழுபதுகளின் கடைசி. இருபத்திரண்டு வயது, கையில் ஒரு சங்கீதப் பரீட்சைச் சான்றிதழ், ஒரு குடை, தலை நிறையக் கர்வம். சுண்ணாம்புக்கல் லாரிகளால் ஊரெல்லாம் வெள்ளைத் தூசியாக இருக்கும். ஆர்மோனியத்தைத் தினமும் துடைத்தால்தான் கட்டைகள் கறுப்பா வெள்ளையா என்று தெரியும்.

அங்கே எல்லோருக்கும் உயிர் மருதைக்கரை அய்யா. நூறு வருஷத்துக்கு முன்னால் மருதையாற்றங்கரையில் இருந்து கீர்த்தனைகள் எழுதியவர். அவருக்கு இயற்பெயர் ஒன்று உண்டு, யாரும் சொல்ல மாட்டார்கள். தன் பாட்டின் கடைசி அடியில் எல்லாம் 'மருதைக்கரை' என்று கையெழுத்துப் போல வைத்துவிடுவார், அதுவே பெயராகிவிட்டது. படத்தில் ஒட்டிய கன்னமும் மூடிய கண்ணுமாக இருப்பார். அந்த முகம் சிரிக்கும் என்று யாருக்கும் தோன்றியிருக்காது. எனக்கு அவர் மேல் பக்தி என்றுகூடச் சொல்ல மாட்டேன், காதல் என்றே சொல்லலாம். வருஷா வருஷம் அவருக்கு விழா எடுக்கிற கமிட்டி ஒரு மலர் போடும். அதில் அவர் வாழ்க்கை வரலாறு. இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி: 'இளமையில் ஜமீன் பேண்டு வாத்தியக் கோஷ்டிக்குச் சில நோட்டுகள் எழுதினார். அவை கிடைக்கவில்லை, முக்கியமானவையும் அல்ல.' நோட்டு என்றால் பேண்டில் ஊதுகிற மெட்டு. நானும் நாலைந்து தடவை படித்துவிட்டுத் தாண்டிப் போனவள்தான்.

ஒரு வைகாசி மாதம், பள்ளிக்குப் பக்கத்துத் தெருவில் மாப்பிள்ளை அழைப்பு. முன்னால் சிவப்புக் கோட்டுப் போட்ட ஒருவர் பித்தளைக் கிளாரினெட் ஊதிக்கொண்டு வந்தார். நான் கேட்டிராத மெட்டு. துள்ளலாகப் போய், சட்டென்று நின்றது. நின்ற இடத்தில் யாரோ சரவெடியைக் கொளுத்தினார்கள். மறுபடி மெட்டு, மறுபடி நின்றது, மறுபடி வெடி. மூன்றாவது தடவை நின்றபோது வெடி நமுத்துப்போய்ப் புஸ்ஸென்று அணைந்துவிட்டது. அந்த அமைதியில் என் வாய் என்னைக் கேட்காமல் "தொம் தொம் தொதொம்" என்று பாடிவிட்டது. சும்மா இல்லை, உரக்க. எட்டாம் வகுப்புப் பெண்கள் நாலு பேர் எதிரே நின்று பார்த்தார்கள். குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். மழையும் இல்லை, வெயிலும் இல்லை.

ஆனால் அது பொருந்தியது. கிளாரினெட்காரர் விட்ட இடத்தில் பெரம்பலூர் மெட்டு, பெரம்பலூரில் ஓய் என்று கத்துகிற இடத்தில் இவர் மெட்டு.

மறுநாள் வகுப்பில் அய்யாவின் அம்மன் கீர்த்தனை நடத்திக்கொண்டிருந்தேன். அதன் நடுவே ஒரு ஸ்வர வரிசை வரும். மேலிருந்து எட்டு ஸ்வரம் படியிறங்கி, கடைசியில் ஒரு தடவை திரும்பிப் பார்க்கும். ரொம்ப நிதானமாக, உருக்கமாக. பிள்ளைகள் பாடப் பாட எனக்கு அடையாளம் தெரிந்தது. முதல் நாலு ஸ்வரம் நேற்றுக் கேட்ட கிளாரினெட், அடுத்த நாலு எங்கள் ஊர்த் தொம் தொம். வேகம்தான் வேறு. நான் வகுப்பிலேயே சிரித்துவிட்டேன். முந்தின நாள் பார்த்த நாலு பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

கிளாரினெட்காரர் மாணிக்கம். ரயிலடிப் பக்கம் வீடு, சிமெண்டு ஆலையில் வேலை, முகூர்த்த நாளில் பேண்டு. அவருடைய தாத்தா காலம் வரை அடுத்தவர் வயலில் கூலி வேலை பார்த்த குடும்பம். அந்தத் தாத்தாவை ஜமீன் பேண்டில் குழல் ஊத எடுத்தார்கள், அங்கேயே எழுதப் படிக்கவும் கற்றுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை காலை நான் போனபோது மாணிக்கம் கோட்டைத் துவைத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்க டீச்சர், வூட்டுக்குள்ள வாங்க" என்றார். நான் கேட்டதும் ஒரு பிஸ்கட் டின்னிலிருந்து பழுப்பேறிய தாள்களை எடுத்தார். தாத்தா கையெழுத்தில், தமிழில் ஸ்வரங்கள். "யாரோ ஒரு பையன் போட்டதுங்க" என்றார். முதல் தாளின் தலைப்பில் அப்படித்தான் இருந்தது: 'மருதைக்கரைப் பையன் போட்ட நோட்டு. மேல் வரிசை.'

"அண்ணே, இந்தப் பையன் யாருன்னு தெரியுமா?"

"செத்துப் போயிருப்பானுங்க" என்றார் மாணிக்கம்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அய்யாவும் ஒரு காலத்தில் பையனாக இருந்திருக்கிறார். மீசை அரும்புகிற வயதில், வாத்தியக்காரர்களோடு உட்கார்ந்து, இவர் நிறுத்தினால் அவர் ஊத வேண்டும் என்று விளையாடியிருக்கிறார். அதே எட்டு ஸ்வரத்தை வயதான பிறகு எடுத்து, மெதுவாக்கி, அம்மன் காலடியில் வைத்திருக்கிறார்.

"கீழ் வரிசை எங்கண்ணே?" என்று கேட்டேன். அவர் கொடியில் கிடந்த கோட்டைச் சரி செய்யப் போய்விட்டார். உள்ளேயிருந்து அவர் மனைவி சொன்னார், "அது பெரம்பலூர்ல இருக்குதுங்க. இவுங்க தம்பிகிட்ட."

தம்பி யார் என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அவர்கள் அப்பா இறந்ததும் அண்ணன் தம்பிக்குள் சண்டை. காரணம் அந்தக் கோட்டு. ஒரே கோட்டுக்குத்தான் தங்கச் சரிகை, முன்னால் நடக்கிறவருக்கு. பாகம் பிரித்த பெரியவர்கள் ரொம்ப நியாயமாகப் பிரித்தார்கள். மூத்தவனுக்குக் கிளாரினெட், இளையவனுக்குப் பெரிய குழல். தாத்தாவின் நோட்டுப் புத்தகத்தையும் தையலைப் பிரித்துப் பங்கு போட்டார்கள், கிளாரினெட்காரனுக்குப் பெரிய குழல் தாள் எதற்கு என்று. மறுப்பு சொல்ல முடியுமா? அப்படித்தான் மருதைக்கரை அய்யாவின் ஒரே பாட்டு பெரம்பலூரில் பாதியும் அரியலூரில் பாதியுமாகப் பதினைந்து வருஷம் கல்யாணத்துக்குப் போய் வந்தது.

இரண்டையும் சேர்த்து ஊதினால்தான் அது அய்யாவின் பாட்டு என்று யாருக்கும் காட்ட முடியும். அந்த எட்டு ஸ்வரம் ஒருவரிடம் முழுசாக இல்லை. எப்படியாவது சேர்த்துக் கேட்டுவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி பிடித்துக்கொண்டது. அடுத்த சனிக்கிழமை ஊருக்குப் போன கையோடு தங்கராசு அண்ணனின் சைக்கிள் கடைக்குப் போய் நின்றேன். அய்யா விழா மேடையில் அண்ணனோடு சேர்ந்து ஊத வேண்டும் என்று நான் சொன்னதைப் பஞ்சர் ஒட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டார்.

"நான் வரலைங்க. பத்து வருசம் அவன் முதுகப் பாத்துக்கிட்டே நடந்தவன் நான். அந்தக் கோட்டுல எங்கெங்க ஒட்டுப் போட்டுருக்குன்னு கேளுங்க, இங்கேர்ந்தே சொல்றேன்."

"சரிண்ணே. ஆனா ஒண்ணு கேக்குறேன். அந்த ஓய் வர்ற எடம் இருக்குல்ல, சண்டதான் போட்டாச்சே, அங்க வேற எதாச்சும் ஊதி நெரப்பிருக்கலாம்ல?"

ரப்பரைத் தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது. "அதெப்படிங்க? அது அவன் எடம்" என்றார்.

பிறகு டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்தார். "வரேன். ஆனா அவன் பின்னாடி நடக்க மாட்டேன்."

"மேடையில நடக்க ஏதுண்ணே எடம்? உக்காந்துதான் ஊதணும்."

"உக்காந்தா?" என்று கேட்டார். அந்தக் குடும்பத்தில் யாரும் அதுவரை நாலு பேர் எதிரில் உட்கார்ந்து வாசித்ததில்லை. மேடை தருவதாக யாரும் எனக்குச் சொல்லவில்லை என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

கமிட்டிச் செயலாளர் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். நல்ல மனிதர், தினம் காலையில் அந்த அம்மன் கீர்த்தனையைப் பாடிவிட்டுத்தான் காப்பி குடிப்பார். "டீச்சரம்மா, பேண்டு செட்ட மேடையில ஏத்துனா நாலு பேரு என்ன பேசுவாங்க?" என்றார். அவர் சொல்லாமல் விட்டது என்ன என்பது எனக்குப் புரிந்தது, உங்களுக்கும் புரியும். அதைச் சொல்ல அவருக்கே கூச்சமாக இருந்ததோ என்னவோ, வேறு காரணம் தேடினார். "இது அய்யா போட்டதா இருக்காதும்மா. நானும் கல்யாணத்துல கேட்டுருக்கேன். இதுல சிரிப்பு இருக்கு. அய்யா சிரிக்க மாட்டாரு."

"ஒரு தடவ முழுசாக் கேட்டுட்டுச் சொல்லுங்க சார்" என்றேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் பள்ளிப் பாட்டு அறையில் இரண்டு பெஞ்சுகளை ஒரே வரிசையில் போட்டேன். ஒன்று அரை அங்குலம் முன்னால் நிற்கக் கூடாதே என்று அடிக்குச்சி வைத்து அளந்தேன், சிரிக்காதீர்கள். செயலாளர் வாசலுக்குப் பக்கத்தில், எந்த நிமிஷமும் கிளம்பிவிடுகிறவர் போல உட்கார்ந்திருந்தார். அண்ணனும் தம்பியும் வந்தார்கள். மாணிக்கம் கோட்டைப் போட்டுக்கொள்ளாமல் வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். தங்கராசு அதைக் கவனித்தார். அறை முழுக்கப் புளியும் தேங்காய் எண்ணெயும் மணத்தது. இரண்டு பேருமே விடியற்காலையில் எழுந்து தேய்த்திருக்கிறார்கள்.

ஒருவரையொருவர் பார்க்காமலே ஆரம்பித்தார்கள். நான் தாளம் போட்டேன், பயத்தில் என் தாளம்தான் தப்பியது. மேல் வரிசை நின்ற இடத்தில் கீழ் வரிசை எழுந்தது. அது நின்ற இடத்தில் இது. ஒருவர் கேட்பதும் மற்றவர் பதில் சொல்வதுமாக, நடுநடுவே வேண்டுமென்றே பதிலை மாற்றிச் சொல்வதுமாக, பாட்டு ஓடியது. அந்த எட்டு ஸ்வரம் வந்தது. நாலு அங்கிருந்து, நாலு இங்கிருந்து. கடைசியில் திரும்பிப் பார்க்கிற இடத்தில் இரண்டு குழலும் சேர்ந்து திரும்பின. அப்போதுதான் அண்ணனும் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மூச்சுக்குத் திரும்பினார்களோ, ஸ்வரத்துக்குத் திரும்பினார்களோ தெரியாது.

செயலாளர் எழுந்து நின்றிருந்தார். போகத்தான் எழுந்தார் என்று நினைத்தேன். கண்ணெல்லாம் தண்ணீர். "சிரிக்கிறாரும்மா" என்றார். "அய்யா சிரிக்கிறாரு."

விழாவில் மேடை கொடுத்தார்கள். ஜமுக்காளம் விரித்து, சமமாக, நடுவில். கமிட்டியில் இரண்டு பேர் வரவில்லை, வராவிட்டால் போகட்டும் என்று செயலாளர் சொல்லிவிட்டார். பெரம்பலூரிலிருந்து தங்கராசு அண்ணனின் சொந்தக்காரர்கள் ஒரு பஸ் நிறைய வந்திருந்தார்கள். மேல் வரிசை வாசிக்கிற இடம் வந்ததும் பழக்க தோஷத்தில் மொத்தப் பேரும் "ஓய்! ஓய்!" என்று கத்திவிட்டார்கள். கீழ் வரிசை இடம் வந்ததும் அரியலூர்க்காரர் யாரோ வெளியே சரவெடியைக் கொளுத்திவிட்டார். அய்யாவின் படத்துக்கு முன்னால் அப்படி ஒரு கூத்து அதற்கு முன் நடந்ததில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாட்களை விரல் விட்டு எண்ணினால் கட்டாயம் அது ஒரு விரல். விற்காமல் கிடந்த மலர்களில் எல்லாம் செயலாளர் 'முக்கியமானவையும் அல்ல' என்பதைப் பேனாவால் அடித்து வைத்தார், ஒவ்வொன்றாக.

விழா முடிந்து தங்கராசு அண்ணனை வழியனுப்ப எல்லோரும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். முன்னால் அண்ணனும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில். கடைத்தெரு குறுகுகிற இடத்தில் எதிரே ஒரு சிமெண்டு லாரி வந்தது. இரண்டு பேர் சேர்ந்து போக இடமில்லை. இரண்டு பேரும் ஒரு நொடி நின்றார்கள். "போடா" என்றார் மாணிக்கம். தங்கராசு முன்னால் போனார். அண்ணன் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே பின்னால் நடந்தார்.

அதன் பிறகு பத்துப் பன்னிரண்டு வருஷம் இரண்டு ஊர்க் கல்யாணத்திலும் முழுப் பாட்டைக் கேட்டார்கள். தாள்களைச் சேர்த்துத் தைத்ததும் மாணிக்கத்தின் மனைவிதான். இப்போது அண்ணன் இல்லை, தம்பியும் இல்லை, செயலாளரும் போய்விட்டார். அண்ணன் தம்பியின் பிள்ளைகள் நல்ல வேலைகளுக்குப் போய்விட்டார்கள், அதில் எனக்குச் சந்தோஷம்தான். மாப்பிள்ளை அழைப்புக்கு லாரியில் பெட்டி பெட்டியாக ஸ்பீக்கர் வருகிறது.

நேற்று மருமகள் கடைக்குப் போன நேரம் பார்த்து அந்தக் குழலைச் சுவரிலிருந்து எடுத்து ஊதிப் பார்த்தேன். காற்றுதான் வந்தது. சரி என்று வாயாலேயே "தொம் தொம் தொதொம்" என்று பாடினேன். அந்த இடம் வந்தது. நாலு தாளம் சும்மா இருந்தேன். யாரும் ஊதவில்லை. எனக்குத் தாங்கவில்லை, "ஓய்! ஓய்!" என்று கத்திவிட்டேன்.

வாசலில் பை விழுகிற சத்தம் கேட்டது. "அத்தை! என்னாச்சு அத்தை?" என்று மருமகள் ஓடிவந்தாள்.

"ஒண்ணுமில்லம்மா" என்றேன். "அது மாணிக்கத்தோட எடம்."