குடிகாரன் வேஷம்

வெள்ளிக்கிழமை என்றாலே எனக்குப் பள்ளிக்கூடம் போகப் பிடிக்காது. திருவொற்றியூரில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் அன்றைக்குத்தான், பிரார்த்தனை முடிந்ததும், ஏதாவது ஒரு வகுப்பு நடித்துக் காட்ட வேண்டும். பிள்ளைகளுக்குத் தைரியமும் ஒழுக்கமும் வருமாம். எங்கள் ஐந்தாம் வகுப்பு சாருக்கு இதில் தனிக் கொள்கை வேறு. நன்றாகப் பேசுகிறவனுக்கு வேஷம் எதற்கு, பயந்தாங்கொள்ளிக்குத்தான் பெரிய வேஷம் தர வேண்டும் என்பார். வகுப்பில் என்னை மிஞ்சிய பயந்தாங்கொள்ளி கிடையாது. ஆகவே, மதுவிலக்கு நாடகத்தில் குடிகாரன் நான்தான்.

பத்து வயதுப் பெண்ணுக்கு அடுப்புக்கரி மீசை. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என்னை ஆட்டிய பயம் வேறு. எங்கள் நைனா குடிப்பார்.

அப்போது மதுவிலக்குக் காலம், குடித்தால் ஜெயில். ஆறு நாள் ஹார்பரில் மூட்டை தூக்குகிற நைனா, ஞாயிற்றுக்கிழமை உப்பளத்துப் பக்கம் போய், சோற்றைப் புளிக்கவைத்து ஒளித்து விற்கிற சுண்டக்கஞ்சியைக் குடித்துவிட்டு வருவார். எதிர்வீட்டுக்காரரை அந்த மாதம்தான் போலீஸ் பிடித்துக்கொண்டு போயிருந்தது. அதிலிருந்து அம்மா என் காதில் ஓதாத நாளில்லை.

"வெளிய வாயத் தொறந்தே, உங்க நைனாவ இட்டுகினு பூடுவாங்க. அப்பாலிக்கா சோத்துக்கு இன்னா பண்றது?"

சார் எழுதிய நாடகத்தில் குடிகாரன் தள்ளாடிக்கொண்டு வருவான், பெண்டாட்டியை அடிப்பான், பானையை எட்டி உதைப்பான். ஒரு வாரம் ஒத்திகை பார்த்தோம். உதைப்பது எனக்கு நன்றாகவே வந்தது. வெள்ளிக்கிழமை மீசையும் கையுமாக முற்றத்துக்கு வந்து பார்த்தால், முன்வரிசை நாற்காலியில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு போலீஸ் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருக்கிறார். அவர்தான் அன்றைய சிறப்பு விருந்தினர். எங்களிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

படித்த வசனமெல்லாம் போன இடம் தெரியவில்லை. ஓடலாமென்றால் வழியெல்லாம் பிள்ளைகள். பின்னாலிருந்து யாரோ தள்ளிவிட, எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே குடிகாரரை நான் நடித்துக் காட்ட ஆரம்பித்தேன்.

நைனா குடித்தால் யாரையும் அடிக்க மாட்டார். மரியாதை ஏறிவிடும். வாசலில் செருப்பைக் கழற்றி ஜோடியாக வைப்பார், நிலைப்படிக்கு ஒரு சலாம் போடுவார், சொந்த வீட்டுக்குள் வர எல்லோரிடமும் அனுமதி கேட்பார். நானும் இல்லாத செருப்பைக் கழற்றி வைத்தேன். "உள்ள வர்லாங்களா?" என்றேன். உதைக்க வேண்டிய பானைக்குச் சலாம் போட்டு, நல்லா கீறீங்களா என்று விசாரித்தேன். பெண்டாட்டியாக நின்ற சிநேகிதியைக் கும்பிட்டு, தப்பா நெனச்சுக்காதீங்க தாயி என்றேன். பள்ளிக்கூடமே விழுந்து விழுந்து சிரித்தது. முடிந்த பிறகுதான் நான் என்ன செய்துவிட்டேன் என்பது எனக்கு உறைத்தது.

இன்ஸ்பெக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"அச்சு அசலா இருக்கேம்மா. யாரைப் பார்த்துக் கத்துக்கிட்டே?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் எனக்கு அவருடைய பூட்ஸ் மட்டுமே தெரிந்தது. எங்கள் வீட்டு அடுப்பு அணைந்து கிடப்பதும், நைனாவை விலங்கு போட்டு இழுத்துப் போவதும் கண்ணெதிரே வந்துபோயிற்று. கை தானாக நீண்டது.

"சார்தான் சொல்லிக் குடுத்தாரு."

சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்தது. சார் எங்கள் சந்திலேயே, மூன்றாவது வீட்டில் குடியிருந்தார். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை நைனாவின் அந்தச் சலாம் அவருக்கும் கிடைத்திருக்கிறது. அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எங்கள் கதை முடிந்தது. சார் என்னைப் பார்த்துவிட்டு, இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார்.

"ஆமாங்க, நான்தான் சொல்லிக் கொடுத்தேன்" என்றார்.

வாத்தியாருக்கு நல்ல அனுபவம் போலிருக்கிறதே என்று இன்ஸ்பெக்டர் சொல்ல, மறுபடியும் ஒரே சிரிப்பு. சார் தலையைக் குனிந்துகொண்டு, பானையை எடுத்து ஓரமாக வைத்தார்.

அன்றைக்குத் தப்பித்தேனே ஒழிய, பயம் விட்டபாடில்லை. ஆஜர் எடுக்க அவர் என் பெயரைக் கூப்பிட்டாலே, இதோ சொல்லப்போகிறார் என்றுதான் நினைப்பேன். அவர் எதுவும் சொல்லவில்லை என்பது பயத்தை இன்னும் வளர்த்தது. அவர் தெருவில் போனால் பெரிய பையன்கள் தள்ளாடிக் காட்டிச் சலாம் போட்டார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். சிரிக்காவிட்டால் சந்தேகம் வந்துவிடுமே.

அரைப்பரீட்சைக்கு முன்னால் ஒருநாள் சார் வகுப்புக்கு வரவில்லை. இந்த வாத்தியார் குடிக்கிறவர் என்று யாரோ மொட்டைக் கடுதாசி போட்டதில், எங்கேயோ தூரத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றிவிட்டார்களாம். கேட்டதும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நைனாவைக் காட்டிக்கொடுக்கக்கூடிய ஒரே ஆள் ஊரை விட்டே போயாகிவிட்டது. அன்று சாயங்காலமே அம்மன் கோயிலுக்கு ஓடிப்போய், மூன்று சுற்றுச் சுற்றி, விழுந்து கும்பிட்டு நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.