என் கைக்குள் ஒரு ராட்சதன்

போன செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு நான் செத்துப்போனேன். சாயங்காலம் ஐந்தரைக்குத்தான் உயிர் வந்தது.

வலது கை கட்டைவிரலுக்குக் கீழே ஒரு கட்டி. சுண்டைக்காய் அளவு. தானாகப் போய்விடும் என்று பல மாதம் விட்டுவைத்தேன். போகவில்லை. டாக்டரம்மா வெட்டி எடுத்தார். "பயப்படாதீங்க அண்ணாச்சி, எதுக்கும் டெஸ்டுக்கு அனுப்பிருவோம்" என்றார். அந்த 'எதுக்கும்' இருக்கிறதே... ஒரு வாரம் சோறு இறங்கவில்லை.

செவ்வாயன்று ரிப்போர்ட் வந்தது. டாக்டரைப் பார்க்க மாலை ஐந்து மணிக்குத்தான் டோக்கன். கவரைப் பிரிக்காமல் பொறுத்திருக்க வேண்டியதுதானே? லேப் வாசலிலேயே பிரித்தேன். முழுக்க இங்கிலீஷ். எனக்குப் புரிந்தது இரண்டே வார்த்தைகள் — ஜெயன்ட் செல்.

ராட்சத செல்!

பள்ளிக்கூடத்தில் செல் படம் வரைந்திருக்கிறேன். சுற்றிலும் ஒரு சவ்வு, நடுவில் ஒரு நியூக்ளியஸ். கண்ணுக்கே தெரியாத சாதுப்பிராணி. அது என் கைக்குள் ராட்சதனாகி இருக்கிறது என்றால்... கேன்சர் அல்லாமல் வேறென்ன?

வீட்டுக்கு வந்து மனைவியிடம் என் செல்போன் பாஸ்வேர்டைச் சொன்னேன். கல்யாணமாகி இருபத்து நான்கு வருடத்தில் முதல் முறை. அவள் அதற்குத்தான் பதறினாள்.

"என்னங்க, நெஜமாவே சாவப்போறியளா?"

அடுத்து அவள் தம்பிக்கு போன். நாசரேத்தில் இருக்கிறான். அவனோடு ஒரு வருடமாகப் பேச்சு இல்லை. ஏன்? எங்கள் வீட்டுக்கு வந்த அன்று, நான் விளைமீன் வெட்டிய அழகைப் பார்த்து, "தூத்துக்குடில பொறந்துட்டு மீனு வெட்டத் தெரியல. ஒங்களுக்கு சாம்பாரு போதும் அத்தான்" என்று எல்லார் முன்னாலும் சிரித்துவிட்டான். அன்றோடு சரி.

"மாப்ள, எல்லாத்தையும் மன்னிச்சிரு..." என்று ஆரம்பித்து அழுதேவிட்டேன். பயந்துபோய் பைக்கை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டான்.

டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் படித்தார்.

"அண்ணாச்சி, கையில முள்ளு ஏதும் குத்துச்சா?"

"இல்லையே!"

"மீன் முள்ளு மாதிரி ஒரு துண்டு உள்ள இருந்திருக்கு. அதனால வந்த கட்டி. கேன்சர்லாம் கெடையாது."

அப்படியானால் ராட்சதன்?

உடம்புக்குள் வேண்டாதது நுழைந்தால் விழுங்குவதற்கென்றே சில செல்கள் இருக்கின்றனவாம். முள் மாதிரிப் பெரிய சரக்கு வந்தால் ஒற்றைச் செல்லால் விழுங்க முடியாது. அப்போது பல செல்கள் ஒன்றோடொன்று கலந்து ஒரே செல்லாகிவிடுமாம். ஒரு சவ்வுக்குள் பத்து, இருபது நியூக்ளியஸ்! முள்ளை வளைத்துப் பிடித்துக் காவல் காத்திருக்கிறது. நான் எமன் என்று நினைத்தது வாட்ச்மேனை!

நம் கடலில் சிப்பியின் செல்களும் வேண்டாததை இப்படித்தான் சுற்றி வளைக்கின்றன. அது செய்தால் முத்து. நான் செய்தால் சுண்டைக்காய்.

பக்கத்தில் நின்ற மச்சினன் என் கையையே பார்த்தான்.

"அத்தான்... அன்னைக்கு விளைமீன் வெட்டும்போது கைய ஒதறுனியள்லா? 'முள்ளு குத்திட்டா?'ன்னு கேட்டேன். 'போடே, எனக்காவது குத்துறதாவது'ன்னியளே!"

குத்தியதுதான். இவன் இன்னும் சிரிப்பானே என்று கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன். கோபம் அவன்மேல், முள் எனக்குள்.

முள்ளைக் கண்டதும் என் செல்கள் ஒன்று சேர்ந்துவிட்டன. நாங்கள் இரண்டு பேர் சேர ஒரு வருடமும் ஒரு கேன்சர் பயமும் தேவைப்பட்டன.

ஞாயிற்றுக்கிழமை வருகிறானாம். மீனை அவனே வெட்டுகிறானாம்.

நான் பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன்.