சனிக்கிழமை நோயாளி

எங்கள் தெருவில் யாருடைய செடிக்கு உடம்புக்கு வந்தாலும் எர்லிண்டாவிடம்தான் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். ஓடுகிறவர்கள் திட்டு வாங்கவும் தயாராக ஓடவேண்டும். டூசான் நகரப் பேருந்தைப் பாதி ஆயுசு ஓட்டியவள் அவள். சில்லறை இல்லாமல் ஏறுகிறவனை அடுத்த நிறுத்தத்தில் இறக்கிவிட்ட வாய், ஓய்வு பெற்ற பிறகும் ஓயவில்லை. என் மூத்தவனுக்கு அவள்தான் ஞானத்தாய். அந்த உறவில் நாங்கள் ஒருத்தியை ஒருத்தி கொமாத்ரே என்று கூப்பிட்டுக்கொள்கிறோம். அந்த உரிமையில்தான் இதையெல்லாம் வெளியே சொல்கிறேன். தெரிந்தால் என்னையே தொட்டியில் நட்டுவிடுவாள்.

அவள் வைத்தியம் தடித்த இலைச் செடிகளுக்கு மட்டும். இலை சுருண்டுபோச்சு என்று யாராவது வந்தால் முதலில் ஒரு இலையைக் கிள்ளிப்பார்ப்பாள், தொளதொளவென்று இருக்கிறதா, காய்ந்து கிடக்கிறதா என்று. பிறகு வந்தவர் பதறப் பதறச் செடியைத் தொட்டியிலிருந்து பிடுங்கி வேரைப் பார்ப்பாள். தாகத்தில் சுருண்ட இலையும், தண்ணீர் மிஞ்சி வேர் அழுகிச் சுருண்ட இலையும் மேலே பார்த்தால் ஒரே மூஞ்சிதான். வேரைப் பார்க்காமல் சொல்கிறவன் ஜோசியக்காரன் என்பாள். பெரும்பாலும் அழுகல்தான். எங்கள் பங்குச்சாமியார் கொண்டுவந்த செடியும் அப்படித்தான்.

"சாமி, ஞானஸ்நானம் ஒரு தடவை குடுத்தாப் போதும். தினமும் குடுக்காதீங்க," என்றாள், பூசை முடிந்து கூட்டம் கலைவதற்குள். எல்லாரும் சிரித்தார்கள். சாமியாரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

இவ்வளவு சாமர்த்தியக்காரி, புருஷன் விஷயத்தில் மட்டும் கோட்டை விட்டாள். குக்கோ நன்றாகப் பாடுவான், நன்றாகச் சமைப்பான், வேறெதற்கும் ஆகமாட்டான். மாதம் ஒருமுறை நெல்டாவின் கடைக்கு முடிவெட்டப் போனவன், தலையில் மிஞ்சியிருந்த நாலு முடிக்காக வாராவாரம் போக ஆரம்பித்தபோதே எனக்கு விளங்கிவிட்டது. எர்லிண்டாவுக்கு விளங்க ஒரு வருஷம் ஆயிற்று. விவாகரத்தில் வீடு இவளுக்கு, பிக்கப் வண்டியும் ஒரு செடியும் நெல்டா வீட்டுக்குக் குடிபோன அவனுக்கு. எல்லைக்கு அந்தப் பக்கம், எங்கள் பூர்வீக நாட்டில் இருக்கும் மக்தலேனாவில், அவனுடைய அம்மா வீட்டிலிருந்து குட்டியாகப் பிரித்துப் பன்றிக்கொழுப்பு டின்னில் வைத்துக் கொண்டுவந்த செடி. ரோஜா மாதிரி இலை அடுக்கு. எங்கள் பாஷையில் அதன் பெயருக்கு 'என்றும் உயிரோடிருப்பது' என்று அர்த்தம். அம்மா போனபோது அவன் அந்த டின்னைக் கட்டிக்கொண்டுதான் அழுதான்.

போன வசந்தத்தில் ஒரு சனிக்கிழமை, நானும் அவளும் சமையலுக்குப் பீன்ஸ் பொறுக்கிக்கொண்டிருந்தோம். குக்கோ அந்த டின்னோடு கேட்டில் வந்து நின்றான்.

"லிண்டா, இலையெல்லாம் சுருண்டுக்கிட்டே வருது. நீதான் பாக்கணும்."

"ஏன், அவ கத்திரிக்கோல் வெச்சு ஓரத்துல கொஞ்சம் வெட்டிவிடக் கூடாதா?" என்றேன் நான். எர்லிண்டா என்னை முறைத்தாள்.

செடியைக் கவிழ்த்தாள். மண்ணில் ஈரம் அளவாகத்தான் இருந்தது. வேர் வெள்ளையாக, கெட்டியாக இருந்தது. பஞ்சு மாதிரி ஒட்டியிருக்கும் பூச்சியும் இல்லை. ஆனால் இலை விளிம்பெல்லாம் கருகி உள்பக்கமாகச் சுருண்டிருந்தது. டின் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. எங்கள் ஊர்த் தண்ணீருக்கு வெள்ளை படிவது அதிசயமில்லை, சுண்ணாம்புதான். அவள் அதை விரலால் சுரண்டி நாக்கில் வைத்தாள்.

"என்ன?" என்றான் குக்கோ.

"விட்டுட்டுப் போ. அடுத்த சனிக்கிழமை வந்து பாரு."

போ என்றவள் காபி வைத்தாள். போகவேண்டியவன் உட்கார்ந்தான். அவன் அப்பா கழுதையை அடகு வைத்துக் கல்யாணம் செய்துகொண்ட கதையை ஆயிரமாவது முறையாகச் சொன்னான். அவளும் இப்போதுதான் கேட்கிறவள் மாதிரி சிரித்தாள்.

அவன் போனதும், "உப்பு, கொமாத்ரே," என்றாள். "நெல்டா தன் தோலு மினுக்க வாட்டர் சாஃப்ட்னர் மாட்டியிருக்காளாம். தண்ணியில சுண்ணாம்ப எடுக்க மூட்டை மூட்டையா உப்புக் கொட்டுற மிஷின். அந்தத் தண்ணிய செடிக்கு ஊத்துறான்."

உப்புத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்பார்கள். இந்தச் செடி பாவம், குடிக்கிற தண்ணீரே உப்பு.

"வெளிக்குழாய்த் தண்ணிய ஊத்துன்னு சொல்லியிருக்கலாமே? அது மிஷின் வழியா வராதே?"

அவள் செடியைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனாள். பழைய மண்ணை முழுக்க உதறினாள். பிடித்துவைத்திருந்த மழைத்தண்ணீரில் வேரை அலசினாள். நிழலில் காயவிட்டு, மணலும் பொடிக்கல்லும் கலந்த புது மண்ணில் நட்டாள். கொஞ்ச நாள் தண்ணீரே காட்டவில்லை. செடி இங்கே படுத்திருந்தவரை குக்கோ சனிக்கிழமை தவறாமல் நலம் விசாரிக்க வந்தான். நடுவில் புது இலைகள் நிமிர்ந்ததும் எடுத்துப்போனான். கோடை முடிவதற்குள் மறுபடி சுருண்டு வந்தது. மறுபடி குணமாயிற்று, மறுபடி போயிற்று, மறுபடி வந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீ டாக்டரா, செடியக் காட்டி ஆள் பிடிக்கிறவளா? ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுபோற சீக்கு!"

"சொன்னா வரமாட்டான்," என்றாள். பீன்ஸில் கல் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டாள். விட்டுவிட்டுப் போனவனுக்காகக் காதில் தோடு மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே என்று கோபமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

மூன்றாம் முறை செடி எர்லிண்டாவிடம் படுத்திருந்தபோது நெல்டாவே வந்தாள், தட்டு நிறைய, சோளமாவில் அவித்த தமாலேயோடு. நல்ல உயரம், நல்ல தோல். உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்தாள்.

"தப்பா நினைக்காதீங்க. அது சாஃப்ட்னர் தண்ணியாலதான்னு எனக்குத் தெரியும். மிஷின் மாட்ட வந்தவரே சொன்னாரு, செடிக்கு ஊத்தாதீங்கன்னு."

"அவன்கிட்ட சொல்லலியா?" எர்லிண்டா கேட்டாள்.

"எப்படிச் சொல்றது? அவரு இங்க வர்ற சனிக்கிழமைதான் எனக்கு வீட்டுல நிம்மதி. அந்தக் கழுதைக் கதைய நீங்க முப்பது வருஷம் எப்படித் தாங்கினீங்க?" குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "கிறிஸ்துமஸ் நேரம், கடையில கூட்டம் ஜாஸ்தி. அது முடியிற வரைக்கும் செடிய இங்கயே வெச்சுக்க முடியுமா?"

நான் சிரித்த சிரிப்பில் தமாலே புரையேறிவிட்டது. எர்லிண்டா சிரிக்கவில்லை. தான் வலை விரித்திருக்கிறோம் என்று இவள் நினைத்திருந்தாள். பார்த்தால், பிள்ளை பார்த்துக்கொள்ளும் ஆயாவாக இருந்திருக்கிறாள், அதுவும் சம்பளமில்லாமல்.

அந்தச் சனிக்கிழமை குக்கோ வந்ததும் கேட்டிலேயே நிறுத்தினாள். டின்னை அவன் கையில் திணித்தாள்.

"உப்பு. வீட்டுக்குள்ள வர்ற தண்ணிய ஊத்தாத, வெளிக்குழாயில பிடிச்சு ஊத்து. அவ்வளவுதான் வைத்தியம். எடுத்துட்டுப் போ."

"இதை ஏன் முதல்லயே சொல்லல?"

கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்றைக்குக் காபி இல்லை.

அதற்கப்புறம் சனிக்கிழமைகள் வந்தன, குக்கோ வரவில்லை. எர்லிண்டாவின் வாய்க்கு யாரும் தப்பவில்லை. கற்றாழையோடு வந்த ஒரு பெண் அழுதுகொண்டே போனாள். கிறிஸ்துமஸ் வந்தது, போனது. அவள் தோடு போடுவதை நிறுத்திவிட்டாள். செடி பிழைத்துக்கொண்டிருக்கும் என்றேன் ஆறுதலாக. "பிழைக்கட்டும்," என்றாள். அவ்வளவு கசப்பாக ஒரு செடியை யாரும் வாழ்த்தி நான் கேட்டதில்லை.

மழை தூறிய ஒரு சனிக்கிழமை, கேட் சத்தம் கேட்டது. குக்கோ, டின்னோடு. செடி இதுவரை இல்லாத அளவுக்குக் கெட்டிருந்தது. இலையெல்லாம் தீய்ந்த ரொட்டி ஓரம்போலச் சுருண்டிருந்தது. எர்லிண்டா கிட்டே போய்ப் பார்த்தாள்.

"வெளிக்குழாய்னு சொன்னேனே?"

"வெளிக்குழாய்தான்."

"அப்ப இது என்ன?"

நானும் எட்டிப்பார்த்தேன். மண்ணின் மேல் சாப்பாட்டு மேசை உப்பு, கரையக்கூட இல்லாமல், பளபளவென்று கிடந்தது. கை நிறைய அள்ளிப் போட்டிருக்கிறான்.

குக்கோ டின்னைப் பார்த்தான். தன் காலணியைப் பார்த்தான். "வேற எப்படி வர்றதுன்னு தெரியல," என்றான்.

சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன், சிரிப்பு வரவில்லை. அம்மா வீட்டுச் செடி அது. எர்லிண்டா அழுதுவிட்டாள். அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்குக்கூட அழாதவள், தெருவே பார்க்க, மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு அழுதாள். பிறகு டின்னை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

"யோவ் கொலைகாரா, இது இனிமே இந்த வீட்டை விட்டுப் போகாது. நீ வர்றதா இருந்தா கையை வீசிட்டு வா. ஏன் வந்தேன்னு கேட்டா, வாயத் தொறந்து சொல்லு. இப்பச் சொல்லு, எதுக்கு வந்த?"

அவன் தொப்பியைக் கழற்றினான். திருப்பி மாட்டிக்கொண்டான். "உன்னப் பாக்கத்தான்," என்றான், உதட்டுக்குள்ளேயே.

"சத்தமாச் சொல்லு," என்றாள் எர்லிண்டா. "கொமாத்ரேவுக்குக் கேக்கல."