ஒரு லிட்டரில் எத்தனை டம்ளர்

பெயிண்டருக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு, வாரம் மூன்று நாள் மருத்துவமனை இயந்திரம்தான் அவர் ரத்தத்தைச் சுத்தம் செய்தது. "ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணிதான். மீறினா நுரையீரல்ல கோத்துக்கும்" என்று அவர் மனைவியிடம் சொல்லிவிட்டு நர்ஸ் அடுத்தவரைக் கூப்பிட்டார். வீட்டில் யார் லிட்டரிலா குடிக்கிறார்கள்?

மனைவி தையல்காரி. வீட்டு டம்ளர் நூற்றைம்பது மில்லி என்று கடைக்காரர் சொல்லி விற்றது. ஆறு டம்ளர் தொள்ளாயிரம், மாத்திரைக்கு நூறு. கணக்கு சரியென்று நிம்மதியானாள்.

ஆனால் எடை ஏறிக்கொண்டே போனது. பாதம் வீங்கியது. இன்று நர்ஸ் அவளைத் தனியே அழைத்தார். "ஒளிஞ்சு குடிக்கிறார்மா. இப்படியே போனா மூச்சு நின்னுடும்."

வீடு வந்ததும் சமையலறையைப் பூட்டினாள்.

"என்னை நம்பலையா நீ?"

"நம்பித்தானே இந்தக் கதி! எதுக்குங்க இந்தத் திருட்டுத்தனம்?"

"உன் கையால ஊத்துனதைத் தவிர ஒரு சொட்டு தொடலை."

பார்க்க வந்திருந்த அவருடைய அக்கா பெருமூச்சு விட்டாள். "எல்லாம் அவன் தலையெழுத்து."

"தலையெழுத்துக்கு எடை உண்டா அண்ணி? கூடினது தண்ணி!"

பெயிண்டர் எழுந்தார். "பெயிண்டுல தின்னர் கலக்கும்போது டப்பாவுல போட்டிருக்கிற அளவை நான் நம்பமாட்டேன். அளந்துதான் ஊத்துவேன். டம்ளரைக் கொண்டா. லிட்டர் பாட்டிலையும் நிரப்பிக் கொண்டா. எப்பவும் ஊத்துற மாதிரி ஊத்து."

பூட்டைத் திறந்து எடுத்துவந்தாள். ஒவ்வொரு டம்ளரையும் நிரப்பிப் பாத்திரத்தில் கொட்டினாள். ஐந்தாவதோடு பாட்டில் காலி. டம்ளருக்கு இருநூறு!

டம்ளரின் உள்ளே ஒரு கோடு ஓடியது. கடைக்காரர் சொன்ன நூற்றைம்பது அதுவரைதான். அவருடைய காய்ந்த உதட்டைப் பார்த்துவிட்டு அந்தக் கோட்டோடு நிறுத்த அவளுக்கு மனசு வந்ததே இல்லை. விளிம்பு வரை ஊற்றினாள். தினமும் முந்நூறு மில்லி கூடுதல். அவள் கையாலேயே.

தாகத்தை அளந்து தீர்க்கச் சொன்னவர்கள் ஓர் அளவுக் குவளையைக் கையில் கொடுத்திருந்தால் குறைந்தா போயிருப்பார்கள்? அதற்கு யாருக்கும் நேரமில்லை. நோயாளிக்குத் திருட்டுப் பட்டம் கட்ட மட்டும் நேரம் இருந்தது.

"மன்னிச்சிடுங்க."

"நான் திருடலைன்னு ஆயிடுச்சுல்ல? அதுக்கு அபராதம் தினம் ஒன்றரை டம்ளரா?" என்று அவர் சிரித்தார்.

அவளால் சிரிக்க முடியவில்லை. காலையிலிருந்து நான்கு டம்ளர் கொடுத்தாயிற்று. மாத்திரைக்கு நூறு போக, இன்றைக்கு இன்னும் அரை டம்ளர்தான். கோட்டுக்கும் கீழே நிறுத்தி நீட்டினாள். டம்ளருக்குள் எட்டிப் பார்த்த அவர், இன்னும் கொஞ்சம் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் திட்டியாவது இருப்பாள்.